நாதஸ்வரச் சக்கரவர்த்தி திருவாவடுதுறை டி. என். இராஜரத்தினம் பிள்ளை

இறைவன் திருமுன் இசைப்பது தொண்டு. அத்தொண்டினைச் செய்கின்ற கலைஞனுக்கு வயிறும் உண்டு, இல்லமும் உண்டு, மனைவி மக்களும் உண்டு. இவ்விரு உண்மைகளையும் நம் சமயம் என்றுமே பிரித்துப் பார்த்ததில்லை.

தந்தையார் செய்யவிருந்த வேள்விக்குப் பொருள் வேண்டித் திருஞானசம்பந்தப் பெருமான் பதிகம் பாடியபோது, ஆயிரம் பொன் அடங்கிய உலவாக்கிழியை இறைவன் அருளிய தலம் திருவாவடுதுறை. பஞ்சம் வந்த காலத்தில், அடியார் கூட்டம் பசியால் வாடாதிருக்க, அப்பருக்கும் சம்பந்தருக்கும் நாள்தோறும் படிக்காசு வைத்த தலம் திருவீழிமிழலை. திருநீலகண்ட யாழ்ப்பாணர் ஈரத் தரையில் நின்று யாழ் வாசித்தபோது, யாழின் நரம்பு தளரும் என்று பொற்பலகை இடச் செய்தவர் மதுரைச் சொக்கநாதர். வறுமையுற்ற பாணபத்திரருக்காகச் சேர மன்னனுக்குத் திருமுகம் எழுதி அனுப்பியவரும் அப்பெருமானே. இசைவாணனுக்கு ஊதியமும் ஆசனமும் தர வேண்டும் என்பது மனிதர் ஏற்படுத்திய வழக்கன்று. ஆண்டவனே முன்னின்று காட்டிய நெறி என்பதை நம் புராணங்கள் இவ்வாறு உணர்த்துகின்றன.

ஆயினும் அந்நெறி எல்லாக் காலத்தும் போற்றப்படவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாதஸ்வரக் கலைஞர்கள் அடைந்த நிலையையும், அந்நிலையைத் தம் ஒருவரின் மேதைமையாலும் பிடிவாதத்தாலும் மாற்றிக் காட்டிய ஒருவரின் வரலாற்றையும் இத்திருவிழா மலரில் நினைவுகூர்வது பொருத்தமாகும். உலவாக்கிழி பெற்ற அதே திருவாவடுதுறையைத் தம் பெயரோடு இணைத்துக்கொண்ட இசைப் பேரரசர், டி. என். இராஜரத்தினம் பிள்ளை அவர்களே அவர்.

பிறப்பும் பயிற்சியும்

நாகப்பட்டினத்திற்கு அருகில் உள்ள திருமருகல், பாடல் பெற்ற தலங்களுள் ஒன்று. அரவு தீண்டி இறந்த வணிகனைத் திருஞானசம்பந்தர் உயிர்ப்பித்த பெருமை அத்தலத்திற்கு உண்டு. அங்கே 1898ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 27ஆம் நாள், குப்புசாமிப் பிள்ளைக்கும் கோவிந்தம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார் இராஜரத்தினம். பெற்றோர் இட்ட பெயர் பாலசுப்பிரமணியம். தந்தையைச் சிறு வயதிலேயே இழந்த அக்குழந்தையைத் தாய்மாமன் திருமருகல் நடேச பிள்ளை தம் பிள்ளையாக ஏற்று வளர்த்தார். நடேச பிள்ளை புகழ்பெற்ற நாதஸ்வர வித்துவான். திருவாவடுதுறை ஆதீனத்தில் இசைத் தொண்டு புரிந்தவர். பிள்ளையவர்களின் பெயருக்கு முன் நிற்கும் இரண்டு எழுத்துகளில் முதலாவது பிறந்த ஊரையும், அடுத்தது வளர்த்த மாமனையும் குறிக்கின்றன.

மாமனும் விரைவில் மறைந்தார். இளமையில் இருமுறை தந்தையை இழந்த அச்சிறுவன் இசையையே பற்றுக்கோடாகக் கொண்டு வளர்ந்தான். முதலில் பயின்றது வாய்ப்பாட்டு. திருக்கோடிகாவல் கிருஷ்ணய்யர் என்னும் பெயர்பெற்ற வயலின் வித்துவானிடம் பாடக் கற்றார். பின்னர் அம்மாசத்திரம் கண்ணுசாமிப் பிள்ளையிடம் நாதஸ்வரம் பயின்றார். குரலில் பழகிய நுட்பங்களை எல்லாம் குழலில் கொண்டுவர முடிந்தமைக்கு இந்த அடித்தளமே காரணம் என்று இசையறிஞர்கள் கூறுவர். பிற்காலத்தில் அவருடைய இராக ஆலாபனையைக் கேட்டு, ஜி. என். பாலசுப்பிரமணியம் போன்ற வாய்ப்பாட்டு மேதைகளே தம் பாணியை அமைத்துக்கொண்டனர். பாட்டிலிருந்து குழலுக்குச் சென்ற செல்வம், குழலிலிருந்து பாட்டுக்கு வட்டியோடு திரும்பி வந்தது எனலாம்.

மேளக்காரரின் அன்றாட வாழ்வு

பிள்ளையவர்களின் சாதனையை உணர வேண்டுமாயின், அக்காலத்து நாதஸ்வரக் கலைஞர் எவ்வாறு பிழைத்தார் என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய இராஜராஜ சோழன், ஆடல் மகளிர் நானூறு பேரைப் பல ஊர்களிலிருந்து வரவழைத்துக் குடியமர்த்தி, ஒவ்வொருவருக்கும் ஒரு வீடும், ஆண்டுக்கு நூறு கலம் நெல்லும் பங்காக வழங்கியதைக் கல்லில் வெட்டி வைத்தான். நட்டுவனாருக்கும் இசைக் கருவி வாசிப்போருக்கும் அவ்வாறே பங்குகள் வகுக்கப்பட்டன. திருப்பதிகம் ஓதவும் உடன் வாசிக்கவும் ஐம்பதின்மரை அமர்த்தினான். கலைக்கு உரிய ஊதியத்தை எழுத்தில் வைத்த ஏற்பாடு அது.

நூற்றாண்டுகள் பல கடந்த பின்னரும் காவிரிக் கரைக் கோயில்களில் அம்முறையின் எச்சம் தொடர்ந்தது. மேளக்காரருக்குக் கோயில் மானிய நிலம் இருந்தது. அறுவடைக் காலத்தில் நெல் வந்தது. நிவேதனத்தில் ஒரு பங்கு கிடைத்தது. திருவிழா நாளில் பரிவட்டம் கட்டினர். இதற்கு ஈடாக அவர் விடியற்காலைத் திருவனந்தலில் பூபாளம் வாசித்து இறைவனைத் துயிலெழுப்ப வேண்டும். உச்சிக்காலம், சாயரட்சை, அர்த்தசாமம் என ஒவ்வொரு காலத்திற்கும் உரிய இராகத்தை இசைக்க வேண்டும். சுவாமி புறப்பாட்டிற்குக் கம்பீர நாட்டையில் மல்லாரி, தளிகை வரும்போது அதற்கென ஒரு மல்லாரி, பள்ளியறைக்கு நீலாம்பரி. திருவிழாக் காலங்களில் இரவு முழுவதும் வீதியில் நின்றும் நடந்தும் வாசிக்க வேண்டும். ஒரே இராகத்தைப் பல நாழிகை விரித்து வாசிக்கும் ஆற்றல் அவ்வீதிகளில்தான் பிறந்தது.

நிலம் கைமாறியும், குத்தகை வாராமலும், குடும்பம் பெருகிப் பங்கு சிறுத்தும் போனபோது, கோயில் வருமானம் மட்டும் போதவில்லை. திருமணங்களும் செல்வர் இல்லச் சடங்குகளுமே காசு கொடுத்தன. அவையும் முகூர்த்த மாதங்களில் மட்டுமே. மார்கழியிலும் ஆடியிலும் திருமணம் இல்லை. கிடைக்கும் தொகையும் ஒருவருக்கு உரியதன்று. ஒரு செட்டு மேளம் என்றால் நாதஸ்வரம் இரண்டு, தவில் இரண்டு, ஒத்து, தாளம் என ஐந்தாறு பேர். தலைமை வித்துவான் பேசிய தொகையிலிருந்து அனைவருக்கும் பங்கு பிரிக்க வேண்டும். பயணச் செலவு உண்டு. நாணல் தட்டையில் செய்யப்படும் சீவாளி தேய்ந்தால் புதியது வேண்டும். தவிலின் தோல் கிழிந்தால் மாற்ற வேண்டும். இவை அனைத்தும் போக எஞ்சுவதே வீட்டுக்குப் போகும் அரிசி.

இவ்வளவுக்கும் மேலாக மதிப்புக் குறைவு வேறு. வாய்ப்பாட்டு வித்துவான் மேடையில் கம்பளத்தின் மீது அமர்ந்து பாடுவார். நாதஸ்வர வித்துவானோ ஜமீன்தார்கள், மிராசுதார்கள் முன்னிலையில் மேலாடையின்றி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, நின்றுகொண்டே வாசிக்க வேண்டும். கலை ஒன்றே, சுரம் ஏழே. இருந்தும், பிறந்த குலத்தையும் ஏந்திய கருவியையும் வைத்து ஒருவருக்கு இருக்கையும் மற்றொருவருக்குத் தரையும் வகுத்து வைத்தது அன்றைய சமூகம்.

குழலை மாற்றிய குழலரசர்

அக்காலத்து நாதஸ்வரம் திமிரி எனப்படும். அளவில் குறுகியது, நான்கு, ஐந்து கட்டைச் சுருதியில் ஒலிப்பது. ஊர் முழுவதும் கேட்கும் வீறு அதற்கு உண்டு. ஆனால் அரங்கினுள் அமர்ந்து கேட்போர்க்கு அது சற்று வன்மையான ஒலி. அதில் சில சுரங்களைச் சுத்தமாகப் பேசவைப்பதும் கடினம்.

பிள்ளையவர்கள் தம் கற்பனைக்கு ஏற்ற கருவி வேண்டுமென விரும்பினார். திருவாவடுதுறைக்கு அருகிலுள்ள நரசிங்கம்பேட்டை, நாதஸ்வரம் செய்யும் ஆச்சாரிகளின் ஊர். அவ்வூர் ரங்கநாதன் ஆச்சாரியுடன் இணைந்து பல முயற்சிகள் செய்து, நீளம் கூட்டி, துளைகளின் இடத்தைத் திருத்தி, இரண்டு, இரண்டரைக் கட்டையில் ஒலிக்கும் பாரி நாதஸ்வரத்தை அவர் உருவாக்கச் செய்தார். பழைய வீடுகளின் தூண்களிலும் உத்தரங்களிலும் பல்லாண்டு உலர்ந்த ஆச்சா மரத்தில் கடைந்தெடுக்கப்படும் அக்குழலில் மத்தியமம் சுத்தமாக ஒலித்தது. நாதம் ஆழமும் இனிமையும் பெற்றது. இன்று உலகெங்கும் உள்ள ஆலயங்களில் வாசிக்கப்படுவது பெரும்பாலும் இந்தப் பாரி நாதஸ்வரமே. 2022ஆம் ஆண்டில் நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்திற்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

ஒத்து என்னும் துணைக் குழலுக்குப் பதிலாகத் தம்புராவைச் சுருதியாக வைத்து வாசிக்கும் வழக்கத்தையும் அவர் கொண்டுவந்தார். இம்மாற்றங்கள் இசைக்காக மட்டும் செய்யப்பட்டவை அல்ல. பொருளாதாரக் காரணமும் அவற்றுள் அடங்கியிருந்தது. ஜமீன்களின் காலம் மங்கிக்கொண்டிருந்தது. 1948இல் சென்னை மாகாணத்தில் சட்டமே அதனை முடித்துவைத்தது. புரவலர் இடத்திற்குச் சபாக்களும், இசைத்தட்டுக் குழுமங்களும், வானொலியும் வந்துகொண்டிருந்தன. அரங்கிலும் ஒலிவாங்கியின் முன்னும் எடுபடும் குழல் இல்லையெனில் நாதஸ்வரக் கலைஞர் அப்புதிய வாயில்களுக்குள் நுழைய இயலாது. வீதிக்கென இருந்த கருவியை அரங்கத்திற்கும் உரியதாக்கி, தம் இனத்தார் பிழைப்பதற்குப் புதிய வழியொன்றைத் திறந்துவிட்டார் பிள்ளையவர்கள்.

மேடை ஏறிய மேளம்

கருவியை மாற்றியவர் தம் கோலத்தையும் மாற்றினார். குடுமியைக் களைந்து கிராப்பு வைத்துக்கொண்டார். பட்டு ஜிப்பாவும், நீண்ட ஷெர்வானியும், மார்பில் பதக்கங்களும், காதில் வைரக் கடுக்கனுமாக அவர் வந்து நிற்கும் காட்சி, மேலாடையைக் களைந்து கைகட்டி நின்ற தலைமுறைக்குப் பெரும் வியப்பாக இருந்தது. நாதஸ்வர வித்துவானுக்கும் மேடை வேண்டும், அமர்ந்து வாசிக்க இருக்கை வேண்டும், பாட்டு வித்துவானுக்குச் செய்யும் மரியாதை அனைத்தும் வேண்டும் என்று வற்புறுத்தினார். இணங்காத இடத்தில் வாசிக்க மறுத்தார். பயணத்திற்கு இரயிலில் முதல் வகுப்பு; சன்மானமோ அக்காலத்தில் வேறெந்த நாதஸ்வர வித்துவானும் கேட்கத் துணியாத தொகை.

இதனைச் செருக்கு என்றோர் உண்டு. அவர் நினைத்தபோது வருவார், நினைத்தபோது வாசிப்பார் என்ற குறையும் உண்டு. அதில் உண்மையும் இல்லாமல் இல்லை. ஆயினும் ஒன்றைக் கருத வேண்டும். திருநீலகண்ட யாழ்ப்பாணருக்கு இறைவன் பொற்பலகை இடச் செய்ததைப் போற்றுகின்ற நாம், பலகை கேட்ட கலைஞரைக் குறை கூறல் ஆகுமோ? அவர் தமக்கெனக் கேட்டு வாங்கிய இருக்கையில் அவருக்குப் பின் வந்த கலைஞர் அனைவரும் அமர்ந்தனர். அவருக்குப் பேசப்பட்ட தொகையைக் காட்டியே மற்றவர்களும் தத்தம் ஊதியத்தை ஓரளவேனும் உயர்த்திப் பேச முடிந்தது.

அவருக்குத் தவில் வாசித்தவர்களுள் நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை தலையாயவர். குழலும் தவிலும் இணையாக நின்ற அக்கூட்டணியைக் கேட்கக் கிராமங்கள் காலியாகிக் கூட்டம் திரண்டது. தோடி இராகம் என்றாலே இராஜரத்தினம் என்ற நிலை உருவாயிற்று. இலங்கைக்கும் சென்று வாசித்துப் பெரும் புகழ் பெற்றார். நாதஸ்வரச் சக்கரவர்த்தி என்னும் பட்டம் அவர் பெயரோடு பிரிக்க இயலாதவாறு ஒட்டிக்கொண்டது.

இசைத்தட்டும் வானொலியும் திரைப்படமும்

இரவு முழுவதும் விரிக்கத்தக்க தோடியை மூன்று, மூன்றரை நிமிடத்திற்குள் அடக்கச் சொன்னது கிராமபோன் இசைத்தட்டு. நிமிடத்திற்கு 78 சுற்றுச் சுழலும் அத்தட்டின் ஒரு பக்கத்தில் அவ்வளவே இடம் இருந்தது. பிள்ளையவர்கள் அச்சுருக்கத்தினுள்ளும் இராகத்தின் முழு வடிவத்தைக் காட்டினார். அவருடைய தோடி இசைத்தட்டு தமிழர் வாழ்ந்த இடமெல்லாம் சென்றது. நாதஸ்வரத்தை நேரில் கேட்க வாய்ப்பில்லாதவர்களும் அதனைக் கேட்டனர்.

இசைத்தட்டு வணிகத்தின் மறுபக்கத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். அக்காலக் கலைஞர்கள் பலர் பதிவு செய்த அன்று ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டு கையொப்பமிட்டதோடு சரி. அதன் பின் தட்டு எத்தனை ஆயிரம் விற்றாலும் ஆதாயம் குழுமத்திற்கும் கடைக்காரருக்குமே. மேலும், திருமண வீட்டில் மேளம் வைக்க இயலாதவர் தட்டினைச் சுழலவிட்டு மங்கல இசை முழக்கினர். கலைஞனின் புகழைப் பரப்பிய அதே கருவி, சிறிய மேளக்காரரின் வாயிலில் ஒரு முகூர்த்தத்தைக் குறைத்தது. பெருவித்துவானுக்கு வரவாக அமைந்தது, பெயர் அறியப்படாத வித்துவானுக்கு இழப்பாக அமைந்தது.

சென்னையில் 1938ஆம் ஆண்டிலும் திருச்சிராப்பள்ளியில் 1939ஆம் ஆண்டிலும் வானொலி நிலையங்கள் தொடங்கின. வானொலி தந்த தொகை திருமணக் கச்சேரிக்கு ஈடாகாது. ஆனால் அது ஊர்தோறும் பெயரைக் கொண்டு சேர்த்தது. அப்பெயரே அடுத்த கச்சேரியின் சன்மானத்தை உயர்த்தியது. இவ்வாறு, ஒரு வாயிலில் புகழும் மறு வாயிலில் பொருளும் ஈட்டும் முறைக்கு இசைக் கலைஞர்கள் பழகிக்கொண்டனர்.

திரைப்படமும் அவரை அழைத்தது. 1940ஆம் ஆண்டில் வெளிவந்த காளமேகம் என்னும் படத்தில் கவி காளமேகமாகவே நடித்தார். அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் அதனை இயக்கினார். திருவானைக்காவில் அன்னையின் அருள் பெற்றுக் கவிமழை பொழிந்த புலவரின் கதை அது. படம் எதிர்பார்த்த வெற்றியைப் பெறவில்லை. அவர் மீண்டும் தமக்கே உரிய குழலிடம் திரும்பினார்.

தலைநகரில் ஒலித்த மங்கல நாதம்

அவர் வாழ்வின் பெருமைமிக்க நாள் 1947ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் வந்தது. பாரதம் விடுதலை பெற்ற நன்னாளை ஒட்டி, திருவாவடுதுறை ஆதீனத்தின் சார்பில் புதுடில்லிக்குச் சென்ற குழுவினர் பண்டித ஜவஹர்லால் நேருவிடம் செங்கோல் வழங்கினர். அக்குழுவில் ஆதீனத் தம்பிரானும் ஓதுவாரும் செல்ல, மங்கல இசை முழங்கச் சென்றவர் இராஜரத்தினம் பிள்ளை. காவிரிக் கரைக் கோயில் வாயிலில் நின்று வாசித்த மரபு, ஒரு புதிய நாட்டின் பிறப்பு வேளையில் தலைநகரில் ஒலித்தது. மேலாடையின்றி நின்ற தலைமுறையின் வழித்தோன்றலுக்கு இதைவிடப் பெரிய பரிவட்டம் வேறு ஏது?

1955ஆம் ஆண்டில் சங்கீத நாடக அகாதமி விருதும் அவரை வந்தடைந்தது. ஆனால் சென்னை மியூசிக் அகாதமியின் சங்கீத கலாநிதி விருது அவருக்குக் கிட்டவில்லை. அவர் மறைந்த 1956ஆம் ஆண்டில் அவ்விருது மற்றொரு நாதஸ்வர மேதையான திருவீழிமிழலை சுப்பிரமணிய பிள்ளைக்கு வழங்கப்பட்டது. கருவிக்கு நேர்ந்த பழைய மதிப்புக் குறைவு மெல்ல மெல்லவே விலகியது என்பதை இதனால் அறியலாம்.

வரவும் செலவும்

இத்துணைச் சிறப்புடன் ஈட்டியவர் எவ்வளவு சேர்த்து வைத்தார் என்ற வினா எழுதல் இயல்பு. ஏறத்தாழ ஏதும் இல்லை என்பதே வருத்தத்திற்குரிய விடை. அரசரைப் போல் ஈட்டினார். அரசரைப் போலவே செலவழித்தார். கையில் வந்தது அன்றே போயிற்று. உடலைக் கெடுக்கும் பழக்கங்களும் அவரைப் பற்றியிருந்தன. 1956ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 12ஆம் நாள் சென்னையில் அவர் மறைந்தபோது வயது 58. நாதஸ்வர உலகின் சக்கரவர்த்தி விட்டுச் சென்ற கருவூலத்தில் பொன் இல்லை; இசை மட்டுமே இருந்தது.

அதற்கு அவரை மட்டும் பழிப்பது நேர்மையாகாது. இசைக் கலைஞனின் வருமானம் மாதச் சம்பளம் போன்றதன்று. முகூர்த்த மாதத்தில் பெருகும். வெறும் மாதத்தில் வற்றும். மூச்சு உள்ளவரை வருமானம். மூச்சு தளர்ந்தால் ஒன்றும் இல்லை. நம் நாட்டுத் தொழிலாளருக்கு ஊழியர் சேமநிதி உண்டு. முதலாளி ஒரு பங்கும் தொழிலாளி ஒரு பங்கும் செலுத்துகின்றனர். அக்கால நாதஸ்வர வித்துவானுக்கு அத்தகைய ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை. பழைய மானிய நிலம் மறைந்து, புதிய பாதுகாப்பு வராத இடைக்காலத்தில் வாழ்ந்தவர் அவர். கேட்ட தொகையைக் கொடுக்க மக்கள் இருந்தனர். கிடைத்த தொகையைக் காத்துத் தர ஓர் அமைப்பு இல்லை. செல்வம் ஈட்டும் வழியைத் தம் தோழர்களுக்குக் காட்டிய அம்மேதை, அதனைக் காக்கும் வழியைக் காட்டாமலே சென்றார். இவ்விரண்டும் அவர் வாழ்வு நமக்குக் கற்பிக்கும் பாடங்களே.

அவருடைய உண்மையான சேமிப்பு அவர் மாணவர்களே. நெல்லைச் சீமையிலிருந்து வந்து அவரிடம் பயின்று, அவர் பக்கத்தில் அமர்ந்து வாசித்த காருகுறிச்சி அருணாசலம், 1962ஆம் ஆண்டில் வெளிவந்த கொஞ்சும் சலங்கை திரைப்படத்தில் வாசித்த நாதஸ்வரத்தை இன்றளவும் தமிழுலகம் மறக்கவில்லை. அவரும் 1964ஆம் ஆண்டில் நடுவயதிலேயே மறைந்தது இசையுலகின் தவக்குறைவு. 1968ஆம் ஆண்டில் தில்லானா மோகனாம்பாள் திரைப்படம், மேடையில் தலைநிமிர்ந்து அமரும் நாதஸ்வர வித்துவானைக் கதாநாயகனாகவே காட்டியது. அவ்விருக்கையை முதலில் கேட்டு வாங்கியவரை அப்படம் காணும்போது நினைத்தல் தகும்.

நம் ஆலயங்களும் நாதஸ்வரமும்

கடல் கடந்து வந்த நம் முன்னோர் தோட்டப்புறங்களிலும் இரயில்வே குடியிருப்புகளிலும் ஆலயம் எழுப்பியபோது, மூர்த்தியோடு மேளத்தையும் தேடினர். தைப்பூசத்தின்போது கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து பத்துமலை நோக்கி விடிய விடியச் செல்லும் வெள்ளி இரதத்தின் முன் நாதஸ்வரமும் தவிலும் முழங்காத தைப்பூசத்தை நம்மால் எண்ணிப் பார்க்க இயலாது. பிரிக்பீல்ட்ஸ் முதல் கிள்ளான் வரையிலும், நம் கம்போங் மேடான் வட்டாரத்திலும், திருவிழா என்றால் கொடியேற்றத்திற்கு முன் மக்கள் செவி தேடுவது அவ்வொலியையே. தமிழகத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் வரும் கலைஞர்கள் பலர், வேலை அனுமதியில் குறிப்பிட்ட காலம் தங்கி, குடும்பத்தைப் பிரிந்து இத்தொண்டினைச் செய்கின்றனர். இங்கேயே பிறந்து, பகலில் தொழிற்சாலையிலோ அலுவலகத்திலோ பணியாற்றி, மாலையில் குழலெடுக்கும் இளைஞர்களும் உள்ளனர்.

அவர்களுக்கு நாம் செய்ய வேண்டியவை யாவை? பெருஞ்செல்வம் தேவையில்லை; முறை தேவை. பேசிய தொகையை, விழா முடிந்து கணக்குப் பார்க்கும் நாள் வரை தள்ளாமல், கலைஞர் ஆலய வாயிலைக் கடக்கும் முன் அளித்தல் ஒன்று. மழையிலும் வெயிலிலும் ஒதுங்கி நிற்க வைக்காமல், உலர்ந்த இடத்தில் இருக்கையிடுதல் ஒன்று. இரதம் திரும்பிய பின் எஞ்சியதை அல்ல, அடியார் பந்தியிலேயே அவர்களையும் அமர்த்தி உணவளித்தல் ஒன்று. திருவிழா மலரில் உபயக்காரர் பெயர்களை அச்சிடும்போது, நாதஸ்வரம், தவில் வாசித்தோரின் பெயர்களையும் ஒரு வரியில் சேர்த்தல் ஒன்று. தொலைதூரத்திலிருந்து வந்து மாதச் சம்பளத்தில் பணிபுரிவோருக்கு ஓய்வும், மருத்துவமும், ஊருக்குச் சென்று திரும்பும் செலவும் முன்கூட்டியே எழுத்தில் பேசி வைத்தல் மற்றொன்று. இராஜராஜன் கல்லில் எழுதியதை நாம் ஒரு தாளில் எழுதினால் போதும்.

தீபாராதனைக்கு மின்சார மேளத்தை முடுக்கிவிடுவது எளிது; செலவும் குறைவு. உரிய கலைஞர் கிடைக்காத சிறிய ஆலயங்களுக்கு அதுவும் ஒரு துணையே. ஆனால் ஆண்டில் சில நாள்களேனும் உயிருள்ள மூச்சு இறைவன் திருமுன் ஒலிக்க ஏற்பாடு செய்யாவிடில், நாளை எந்தப் பிள்ளையும் நாதஸ்வரத்தைக் கற்க முன்வராது. கற்றால் பிழைக்க வழியுண்டு என்று பெற்றோர் காணும்போதே பிள்ளைகளை அனுப்புவர். நம் இளைஞர்கள் உறுமி மேளத்தை எத்துணை ஆர்வத்துடன் பயின்று குழுக்களாக வளர்ந்துள்ளனர் என்பதைக் காண்கின்றோம். வார இறுதியில் ஆலய மண்டபத்தில் நாதஸ்வர, தவில் வகுப்பொன்று நடத்தி, கற்போருக்குக் கருவி வாங்கிக் கொடுத்து, தேறியவர்களுக்குத் திருவிழாவில் வாய்ப்பும் ஊதியமும் அளித்தால், அவ்வார்வம் இத்துறையிலும் பெருகும்.

இராஜரத்தினம் பிள்ளை அவர்கள் தம் வாழ்நாளில் கேட்டவை மூன்று: நல்ல குழல், அமர இருக்கை, உழைப்புக்கு ஏற்ற ஊதியம். முதலாவதை ரங்கநாதன் ஆச்சாரி செய்து கொடுத்தார். ஏனைய இரண்டையும் கொடுக்க வேண்டியவர்கள் ஆலயங்களும் அடியார்களுமே. திருவாவடுதுறையில் ஆயிரம் பொன் அருளியவரும், திருவீழிமிழலையில் படிக்காசு வைத்தவருமான எம்பெருமான், இன்று அதனை நம் கைகளின் வழியாகவே செய்விக்க விரும்புகின்றார் என்று கொள்வோம். இத்திருவிழாவில் மல்லாரி ஒலித்து இறைவன் எழுந்தருளும் வேளையில், அம்மூச்சுக்குரியவரையும் ஒரு கணம் நோக்கி வணங்குவோமாக. எல்லாம் வல்ல இறைவன் திருவருளால் இசைத் தொண்டர்கள் இல்லங்களில் இன்பமும், ஆலயங்களில் மங்கல நாதமும் என்றும் நிலைபெறுக!